பாதிப் பேர் சிரிக்க, பாதிப் பேர் எழும்பிப் போகிற படம்: ஆருடைய கருத்து சரி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். ‘சூது கவ்வும்’ படத்தைக் கொழும்பில் அறை நண்பர்களோடு பார்த்து வயிறு நோகச் சிரித்திருக்கிறீர்கள். சித்திரைப் புதுவருட லீவுக்குக் களுவாஞ்சிக்குடி வீட்டுக்குப் போனபோது அதே படத்தை வீட்டு டிவியில் போட்டிருக்கிறீர்கள். அப்பா, “ஆள் கடத்துறவன வீரனாக்கிற படமெல்லாம் ஒரு படமா மனே” என்றிருக்கிறார். அம்மா பாதியில் எழும்பிப் போய்விட்டார். தம்பி ஃபோனிலிருந்து தலை நிமிரவில்லை. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் தலையிடி என்கிறார்கள். ஆருடைய கருத்து சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதன் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: “நான் சிரித்தது பிழையா?”

பிழை இல்லை. அதேபோல உங்கள் அப்பாவும் அம்மாவும் படம் பார்க்கத் தெரியாதவர்களும் இல்லை. பயத்தையும் சிரிப்பையும் கலக்கிற இந்தக் குற்ற நகைச்சுவை வகைப் படத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்தில், படத்தைப் பற்றிய செய்தி பாதிதான். அவர் எந்த இடத்தில் நின்று அதைப் பார்த்தார் என்பது மற்றப் பாதி. அந்த இரண்டையும் பிரித்து வாசிக்கத் தெரிந்துவிட்டால் இணையத்தில் வரும் அடிபிடி உங்களைக் குழப்பாது. எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். மட்டக்களப்பில் உயர்தர வகுப்புகளுக்கு நாடகமும் அரங்கியலும் பாடத்தை நெடுங்காலம் படிப்பித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, படம் போட்டுக் காட்டி முடிந்ததும் இருந்து கதைக்கிற சின்னக் கூட்டங்களையும் நடத்தி வந்திருக்கிறேன். சபை எப்போது சிரிக்கும், எப்போது மூச்சைப் பிடிக்கும் என்பது எனக்குப் பழகிய விஷயம். மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது உளவியல் படித்தவர்களின் துறை. அந்த இடம் வரும்போது சொல்லிவிட்டுத்தான் கதைப்பேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். பதற்றம் என்பது ஆருக்கு என்ன தெரியும் என்கிற கணக்கு. இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் பதற்றப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்கொக். பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ பேட்டி கண்டபோது, மேசைக்குக் கீழே இருக்கும் குண்டை ஹிட்ச்கொக் உதாரணமாகச் சொன்னார். இரண்டு பேர் மேசையில் இருந்து கதைக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது என்றால் பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பதைப் பார்ப்பவருக்கு முதலே காட்டிவிட்டு அந்த இருவரையும் சாதாரணமாகக் கதைக்க விட்டால், அந்தச் சாதாரணக் கதையே தாங்க முடியாததாகிவிடும். பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பகிடியும் பல நேரம் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வீட்டுக்காரர் படலையைத் திறக்கிற சத்தம் நமக்குக் கேட்கிறது, உள்ளே களவெடுக்க வந்த இரண்டு பேரும் குசினியில் இருந்த சோற்றைப் பங்கு போடுவதில் சண்டை பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். அதே படலைச் சத்தம், அதே தெரியாமை. பயமும் சிரிப்பும் ஒரே விதையிலிருந்து கிளம்புகின்றன. அதனால்தான் இரண்டையும் கலப்பது இவ்வளவு வசதியாகவும் இவ்வளவு ஆபத்தாகவும் இருக்கிறது. இயக்குநர் ஒரு விநாடி பிந்தினால் பயமும் போய்விடும், சிரிப்பும் போய்விடும்.

இந்தக் கலவை வெளியிலிருந்து வந்த சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சத்துக்கும் நான்கு: அணங்கு (வருத்துகிற தெய்வம்), விலங்கு, கள்வர், இறை. அச்சத்தின் பட்டியலில் கள்வர் இருப்பதைக் கவனியுங்கள். கள்வனுக்குப் பேதைமையை, அதாவது அறியாமையை, கொடுத்துவிட்டால் போதும், அச்சம் தருபவனே நகை தருபவனாகிவிடுவான். ‘சூது கவ்வும்’ படத்தில் கடத்தல் கும்பலை நடத்துகிற தாஸ் அப்படிப்பட்ட ஆள்தான். கடத்தலுக்கு ஐந்து விதி வைத்திருக்கிறான், அதிகாரத்தில் உள்ளவர்கள் மேல் கை வைக்கக்கூடாது என்பது அதிலொன்று. கண்ணுக்குத் தெரியாத காதலியோடு கதைக்கிறான். பிறகு தன் விதியைத் தானே மீறி அமைச்சரின் மகனைக் கடத்துகிறான். அச்சப் பட்டியலில் கடைசியாக வரும் இறை, அதாவது அதிகாரம், அங்கேதான் உள்ளே நுழைகிறது. பேசுவதைவிட அடிப்பது கூடின அந்தப் பொலிஸ் அதிகாரி வந்ததும் படத்தின் சிரிப்பு ஒரு பிடி இறுகுவதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள்.

நம் ஊரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மட்டக்களப்பு மகிடிக் கூத்தில் மந்திரப் போட்டி வரும். மந்திரத்தின் மேல் ஊருக்கு இருக்கிற பயமும், ஆடுபவரின் கோணங்கித்தனமும் ஒரே களத்தில் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்த ஊர்களுக்குப் பயத்துக்கு நடுவே சிரிப்பது புதிது அல்ல.

அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு ஏன் ஒட்டவில்லை? இங்கே ஒரு விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரியும், இன்னொன்று ஊகம். நிச்சயமானது இது. உங்கள் அப்பாவின் தலைமுறை பார்த்த தமிழ்ப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனித் தடமாக ஓடியது. என்.எஸ். கிருஷ்ணன் வந்தால், நாகேஷ் வந்தால், கவுண்டமணியும் செந்திலும் வந்தால் சிரிக்கிற நேரம். கதாநாயகன் முகத்தைச் சுருக்கினால் சிரிப்பை நிறுத்துகிற நேரம். கூத்திலும் வரவுப் பாட்டும் தாளக்கட்டும் உடுப்பும் பார்த்ததும் வந்து நிற்பது கட்டியகாரனா அரசனா என்று களரியைச் சுற்றி இருக்கிற பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். சபைக்கு அது ஒரு குறிப்பு: இனி இப்படிப் பாருங்கள் என்கிற குறிப்பு. 2012, 2013ஆம் ஆண்டுகளில் குறும்படப் போட்டிகளிலிருந்து பெரிய திரைக்கு வந்த புதிய இயக்குநர்கள் இந்தக் குறிப்பை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். நலன் குமரசாமியும் அந்த வழியில் வந்தவர், ‘சூது கவ்வும்’ அவருடைய முதற்படம். முகம் சிரிக்காது, வசனம் சத்தம் போடாது, பின்னணி இசை இதோ பகிடி என்று தட்டிச் சொல்லாது. எங்கே சிரிப்பது என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்கு அதில் இரட்டிப்புச் சந்தோஷம். குறிப்புக்காகக் காத்திருந்தவருக்குப் படம் முழுக்கத் தொடங்காமலே முடிந்துவிடும்.

ஊகம் என்று சொன்னது அப்பாவின் அறக் கோபத்தைப் பற்றியது. “கடத்துறவன வீரனாக்கிற படம்” என்று அவர் சொன்னதைப் பழைய ஆட்களின் கட்டுப்பெட்டித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அவருடைய தலைமுறையும் களவைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. 1972இல் வந்த ‘காசேதான் கடவுளடா’ படத்தில் வீட்டுக்குள்ளேயே பணத்தைக் களவெடுக்கத் திட்டம் போடுகிறார்கள், தேங்காய் சீனிவாசன் சாமியார் வேடம் போட்டு வருகிறார். ஊர் முழுக்கச் சிரித்தது. ஆனால் அது ஒரு குடும்பத்துக்குள் நடக்கிற களவு, கடைசியில் எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். ‘சூது கவ்வும்’ அந்த ஒழுங்கைத் திருப்பித் தரவில்லை. பாஞ்சாலி சபதத்தில் அர்ச்சுனன் சொல்லும் இடத்தில், தருமத்தின் வாழ்வைச் சூது கவ்வினாலும் தருமம் மறுபடி வெல்லும் என்று இரண்டு பாதி இருக்கிறது. படம் முதற்பாதியைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. நேர்மையான அமைச்சர் ஓரம் போகிறார், கள்ளம் செய்தவர்கள் மேலே ஏறுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அது உறுத்தியிருந்தால், அவர் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன். படம் சொல்ல வந்ததே அந்த உறுத்தலைத்தான். நீங்கள் அதைப் பகிடியாக எடுத்தீர்கள், அவர் அதைச் செய்தியாக எடுத்தார். அவரோடு உட்கார்ந்து கதைக்க இது நல்ல இடம்.

இனி அம்மா. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டு விமர்சனங்கள் எதிலும் இது வராது.

சிரிப்பைப் பற்றிய உளவியல் ஆய்வுகளில் ஒன்று என் அனுபவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. பீற்றர் மக்ரோ, கேலப் வோரன் என்ற இருவர் 2010இல் எழுதினார்கள்: ஒரு விஷயம் முறைகேடாகவும் இருக்க வேண்டும், அதே நேரம் நமக்கு அது தீங்கில்லாததாகவும் தெரிய வேண்டும், இரண்டும் சேரும்போதுதான் சிரிப்பு வருகிறது. முறைகேடு மட்டும் தெரிந்தால் கோபமோ பயமோதான் வரும். 2012இல் அவர்களும் வேறு சிலரும் சேர்ந்து இன்னொன்றைச் சோதித்தார்கள். பெரிய துயரத்தைப் பற்றிய பகிடி சிரிப்பாக வேண்டுமானால் அது நம்மிடமிருந்து தூரத்தில் இருக்க வேண்டும். காலத்தில் தூரம், இடத்தில் தூரம், உறவில் தூரம், ஏதாவது ஒன்று. இந்தக் கொள்கை எல்லாச் சிரிப்பையும் விளக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் குற்ற நகைச்சுவைக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை நம் கரையில் வைத்துப் பாருங்கள். ஆளைக் கடத்துவது என்பது சென்னையில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவனுக்குப் பத்திரிகைச் செய்தி அல்லது சினிமாக் காட்சி. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள வீடுகளில் அப்படி இல்லை. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு முன்பும் பின்பும், தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும், போனவர் வராத கதை இருக்கிறது. ஆளைக் கடத்திக்கொண்டுபோக வரும் வெள்ளை வான் என்று சொன்னால் இன்னும் மேலதிக விளக்கம் தேவைப்படாத ஊர்கள் இவை. படத்தில் ஒரு வான் வந்து நிற்கிறது, கதவு இழுபடுகிறது, ஒருவரை உள்ளே தள்ளுகிறார்கள், இழுத்தவன் தடுக்கி விழுகிறான். விழுந்தது பகிடி. ஆனால் கதவு இழுபட்ட சத்தத்திலேயே ஒருவருக்கு மனம் வேறு எங்கோ போய்விட்டால், விழுந்ததை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

நான் நடத்திய ஒரு கூட்டத்தில், படுவான்கரைப் பக்கம், ஒரு படம் போட்டோம். அதில் நடுச்சாமத்தில் பொலிஸ் வந்து கதவைத் தட்டும் காட்சி ஒன்று முழுக்க முழுக்கப் பகிடிக்காகவே எடுக்கப்பட்டிருந்தது. முன்னால் பாயில் இருந்த பொடியன்மார் கைதட்டிச் சிரித்தார்கள். பின்னால் கதிரைகளில் இருந்த தாய்மார் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. படம் முடிந்து கதைத்தபோது அவர்கள் படம் கூடாது என்று சொல்லவில்லை. “அந்தத் தட்டுற இடத்தில கொஞ்சம் ஏலாமப் போச்சு” என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு, படம் தெரிவு செய்யும்போது பகிடி எது என்பதோடு, ஆருடைய பக்கத்திலிருந்து பகிடி என்பதையும் பார்க்கத் தொடங்கினேன்.

உங்கள் அம்மா எழும்பிப் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குத் தலையிடி இருந்திருக்கலாம், வேலை கிடந்திருக்கலாம், சென்னைப் பேச்சு வேகத்தில் பகிடி பிடிபடாமல் போயிருக்கலாம். நான் அந்த வீட்டில் இருக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன்: எங்கள் பகுதியில் ஒருவர் கடத்தல் பகிடிக்குச் சிரிக்கவில்லை என்றால் அதை ரசனைக் குறைவு என்று எழுதிவிடுவது அவசரம். அதேபோல நீங்கள் சிரித்ததை மனச்சாட்சி இல்லாத சிரிப்பு என்று எவரும் சொன்னால் அதுவும் அவசரம். உங்கள் வயதுக்காரருக்கு அந்தத் தூரம் கிடைத்திருக்கிறது. அது கிடைத்தது நல்ல விஷயம்.

இதே கடத்தலை வைத்து எடுத்த இன்னொரு படத்தோடு ஒப்பிட்டால் நான் சொல்வது இன்னும் விளங்கும். 2021இல் வந்த நெல்சனின் ‘டாக்டர்’ படத்திலும் கடத்தல்தான் கதை. ஒரு சிறுமி காணாமல் போகிறாள். ஆனால் அங்கே அந்தக் குடும்பத்தின் துக்கத்தைப் படம் பகிடியாக்கவில்லை. பிள்ளையைத் தேடிப் போகிறவர்களின் தடுமாற்றம்தான் பகிடி. சிவகார்த்திகேயன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் நிற்கிறார், சுற்றி இருப்பவர்கள் பதறுகிறார்கள். ‘சூது கவ்வும்’ படத்தில் கடத்துகிறவர்களின் தடுமாற்றம் பகிடி. நாம் எந்தப் பக்கத்துக் கதிரையில் இருத்தப்படுகிறோம் என்பதுதான் வேறுபாடு. காணாமல் போனவரைத் தேடுகிற பக்கத்தில் இருந்து சிரிப்பது எங்கள் வீடுகளுக்குச் சுலபம். நான் கதைத்த அளவில், ‘டாக்டர்’ படத்தைக் குடும்பமாகப் பார்த்து முடித்தவர்கள் நிறையப் பேர்.

இடம் மாறினால் கருத்து மாறும் என்பது நமக்கு மட்டும் நடப்பதும் அல்ல. ஹிட்ச்கொக் 1955இல் ஒரு பிணத்தை வைத்தே ஒரு நகைச்சுவை எடுத்தார், ‘த ட்ரபிள் வித் ஹரி’ என்று. ஊர்க்காரர் ஒரு பிணத்தைப் புதைப்பதும் தோண்டுவதுமாகக் கதை போகும். அமெரிக்காவில் அது சரியாக ஓடவில்லை, பிரான்சில் நீண்ட காலம் ஓடியது. தமிழில் 2011இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ திரையரங்கில் பெரிதாக ஓடவில்லை. ஆனால் அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது கிடைத்தது, இன்று அதைக் கொண்டாடுகிறவர்களில் பலர் வந்த காலத்தில் பார்க்காதவர்கள். ஓட்டமும் தரமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு இந்த வகைப் படங்களைத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தம்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேசைக்குக் கீழே இருக்கும் குண்டைக் காட்டிய நேரத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதன் பிறகு வரும் பத்து நிமிடமும் வெறும் பேச்சு. அவர் “போர்” என்று சொன்னால் அது படத்தைப் பற்றிய கருத்தே அல்ல. வீட்டு டிவி, நடுவில் தேத்தண்ணி, படலையில் ஆரோ கூப்பிடுவது, இவை எல்லாம் சண்டைப் படத்தைக் கெடுக்காது, இந்த வகைப் படத்தைக் கெடுத்துவிடும். கூட்டம் சிரிப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதும் தெரிந்ததுதான். ராபர்ட் புரோவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர், மனிதர் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு கூடுதலாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். அவர் கணக்கெடுத்தது அன்றாட வாழ்க்கையை, படம் பார்க்கிற சபையை அல்ல, ஆகவே அந்த எண்ணை அப்படியே திரையரங்குக்குக் கொண்டுபோக முடியாது. ஆனாலும் உங்கள் கொழும்பு அறையில் நீங்கள் சிரித்ததில் ஒரு பங்கு பக்கத்தில் இருந்த நண்பர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, இணையத்தில் வரும் கருத்துகளை எப்படி வாசிப்பது? நட்சத்திர எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை. நடுவில் மூன்று நட்சத்திரம் என்று காட்டுகிற படத்துக்குள் ஐந்து கொடுத்தவர்களும் ஒன்று கொடுத்தவர்களும்தான் இருப்பார்கள், மூன்று கொடுத்தவர் அநேகமாக இருக்கமாட்டார். அந்தச் சராசரி எவருடைய கருத்தும் அல்ல. சொற்களைப் பாருங்கள். “முதல் பாதி இழுவை” என்று ஒருவர் எழுதினால், எந்தக் காட்சி என்று சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். பதற்றத்தைக் கட்டுவதற்கு மெதுவாகப் போகத்தான் வேண்டும், அவர் அந்த மெதுவைத்தான் இழுவை என்கிறாராக இருக்கலாம். காட்சியைக் குறிப்பிட்டு, அங்கே தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்த பிறகும் காட்சி முடியவில்லை என்று எழுதினால் அது பெறுமதியான குறை. “லாஜிக் இல்லை” என்பது இன்னொன்று. இந்த வகையில் தற்செயல் வரலாம், ஆனால் அது பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடுகிற தற்செயலாக இருக்க வேண்டும். சிக்கலிலிருந்து தூக்கிவிடுகிற தற்செயல் வந்தால் அது கதாசிரியரின் சோம்பல். “லாஜிக் இல்லை” என்று எழுதியவர் எந்தத் தற்செயலைச் சொல்கிறார் என்று பாருங்கள், அவருடைய கருத்தை நம்பலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

“குடும்பத்தோடு பார்க்கலாம்” என்ற வரியைத்தான் நான் கூடக் கவனமாக எடுப்பேன். எழுதியவர் பெரும்பாலும் முத்தக் காட்சி இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறார். கட்டிவைத்து அடிப்பது, ஆளைக் கொண்டுபோவது, பிணத்தை மறைப்பது இவையெல்லாம் அவருடைய கணக்கில் வருவதில்லை. எங்கள் வீடுகளுக்கு இரண்டாவது பட்டியல்தான் கூட முக்கியம்.

உண்மையான குறை என்று நான் எடுத்துக்கொள்வது எது என்றும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் பார்க்கிறவரைப் பொறுத்தது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. முதல் சில நிமிடங்களில் படம் தன் உலகத்தின் விதியைச் சொல்லும்: இங்கே அடிபட்டால் நோகுமா நோகாதா, செத்தால் செத்தவரா இல்லையா. அந்த விதியை நடுவில் எந்தக் காரணமும் இல்லாமல் மாற்றினால் குறை. பயம் உச்சத்துக்கு வந்த இடத்தில், அதைத் தாங்கும் துணிவு இல்லாமல் ஒரு பகிடியைப் போட்டு உடைத்தால் குறை. சிரிப்புக்காக எள்ளலை மட்டும் நம்பினால், அதாவது ஒருவரின் உடம்பையும் நிறத்தையும், எங்கள் பேச்சு வழக்கையும்கூட, நக்கலடித்துச் சிரிப்பு வாங்கினால் அது மலிந்த சரக்கு. பேதைமையையும் மடமையையும் வைத்துச் சிரிக்க வைப்பதற்குத்தான் திறமை வேண்டும். இந்த அளவுகோலில் ‘சூது கவ்வும்’ பெரும்பாலும் தேறுகிறது என்பது என் கருத்து. விதியை ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறது, கடைசிவரை அதை மீறவில்லை. எள்ளல் குறைவு. அதன் பெரிய குறை பெண்கள். கதையில் இளம்பெண் என்று முக்கியமாக வருபவள் ஒருத்தி, அவளும் தாஸின் கற்பனை. ஆண்கள் எல்லோருக்கும் வேலையும் தோல்வியும் ஆசையும் இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் அது பகிடிக்காகத்தான் என்று சண்டைக்கு வருவார்கள். பகிடிக்காக என்பது எனக்குப் போதுமான பதிலாகப் படவில்லை.

அடுத்த லீவுக்குப் போகும்போது என்ன செய்யலாம் என்று கேட்டால்: அப்பாவோடு ‘காசேதான் கடவுளடா’ பாருங்கள், அவர் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, இந்தக் களவுக்குச் சிரிக்கிறீர்கள், அதற்கு ஏன் சிரிக்கவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில் இணையத்தில் உள்ள விமர்சனங்களைவிட நன்றாக இருக்கும். அம்மாவுக்கு ‘டாக்டர்’ போடலாம், ஆனால் முதலில் கதையைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒரு பிள்ளை காணாமல் போகிறது, கடைசியில் கிடைத்துவிடும் என்று முதலே சொல்லிவிடுங்கள். பதற்றம் கெட்டுவிடும் என்று யோசிக்க வேண்டாம். பிள்ளை கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் சிலருக்கு நடுவில் சிரிக்கவே முடியும். எழும்பிப் போனால் ஏன் என்று துருவ வேண்டாம், அவராகச் சொன்னால் கேளுங்கள். தம்பிக்கு ஒரு திரையரங்கு டிக்கட் எடுத்துக் கொடுத்தால் போதும்.

நீங்கள் படத்தைப் பற்றி இணையத்தில் எழுதுவதானால், ஆரோடு, எங்கே இருந்து பார்த்தேன் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கொழும்பு அறையில் பார்த்ததையும் களுவாஞ்சிக்குடி வீட்டில் பார்த்ததையும் இரண்டையும் எழுதுங்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து இந்தப் படத்தைத் தேடுகிற ஒருவருக்கு அது நட்சத்திரங்களைவிடப் பிரயோசனமாக இருக்கும். 2024 டிசம்பரில் வந்த ‘சூது கவ்வும் 2’ பற்றியும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். அது வேறு இயக்குநர் எடுத்தது, முக்கிய வேடத்தில் இருப்பவரும் வேறு. முதற்படத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கிற கருத்தை அதன் மேல் ஏற்றாமல், புதுப் படம் ஒன்றைப் பார்க்கிற மாதிரிப் பாருங்கள்.